இறங்க ஒரு துறை

கடல்வழி போடுகிறவர்கள் முதலில் தூரத்தை அளப்பார்கள். கன்னியாகுமரியிலிருந்து விழிஞ்ஞம்வரை, கரையை விட்டு அதிகம் விலகாமல் போனால், ஏறக்குறைய 40 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல்மைல் ஓடும் பைபர் வள்ளம் எங்கும் நிற்காவிட்டால் 8 மணி நேரத்தில் போய்ச் சேரும். விடியுமுன் ஏறினால் பொழுது சாயுமுன் இறங்கலாம். தொழிலுக்குப் போகிறவர்கள் இதை ஒரு தூரமாகவே எண்ணமாட்டார்கள்.

எனக்கு நின்று நின்று போகவேண்டும். இந்தக் கரையின் ஊர்களை நான் எப்போதும் பின்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறேன். பேருந்து நிற்கும் சாலை, ஒரு குருசடி, நெருங்கி நிற்கும் வீடுகள், வீடுகளுக்கு நடுவே கொஞ்சம் கடல். மண்டைக்காட்டில் பிறந்து வளர்ந்தும் அம்மன் கோவிலுக்கு இந்தப் பக்கத்து ஆள் நான். கோவிலிலிருந்து கடலுக்கு நடந்தால் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்கு அப்பால் இருப்பவர்கள் கடலிலிருந்து திரும்பும்போது எதைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது.

*

தாளில் போட்டுப் பார்த்தால் வழி எளிது. குமரியிலிருந்து மணக்குடி 4 மைல். பழையாறு கடலில் விழும் இடம். மணக்குடியிலிருந்து முட்டம் 10 மைல். நடுவே பள்ளம், ராஜாக்கமங்கலம்துறை. முட்டத்திலிருந்து குளச்சல் 5 மைல். இந்த ஐந்துக்குள் கடியபட்டணம், வள்ளியாற்றுப் பொழி, சின்னவிளை, பெரியவிளை, எங்கள் மண்டைக்காட்டுப் புதூர், கொட்டில்பாடு எல்லாம் வந்துவிடும். குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் 6. அதற்குப் பிறகு தூத்தூர்க் கரை, நீரோடி, மாநில எல்லை, பூவாறு என்று விழிஞ்ஞம்வரை 13.

எல்லாம் கடல்மைல் கணக்கு, எல்லாம் சுமார்தான். முட்டத்துப் பாறைகளுக்கு எவ்வளவு ஒதுங்கிப் போகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும். அந்தப் பாறைகளைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘கடலோரக் கவிதைகள்’ என்று பாரதிராஜா அவற்றைப் படங்களில் பதித்துவிட்டார். கடலிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்ணில் தெரிகிற பாறையைவிட நீருக்கடியில் நீளும் பாறையே முக்கியம். அதைப் படத்தில் பார்க்க முடியாது. அந்த ஊர் ஆள் ஒருவர் வள்ளத்தில் இருக்கவேண்டும்.

*

மாதத்தைப் பற்றி எனக்குத் தடுமாற்றம் இல்லை. மாசி.

ஆனி ஆடியில் இந்தக் கரையில் யாரும் உல்லாசமாகக் கடலைப் பற்றி யோசிப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தின் அலை நேரே வந்து இடிக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை; கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் சேரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு. வள்ளங்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரே மாவட்டத்தின் கடலுக்கு இரண்டு காலண்டர் இருப்பது, முனையைச் சுற்றி வருகிறவனுக்கு ஒரு நல்ல எச்சரிக்கை.

வடகிழக்குப் பருவத்தில் கதை மாறும். மன்னார் வளைகுடா வழியாக வரும் காற்று குமரி முனையில் பலமாக அடிக்கும். முனையைத் தாண்டி மேற்கே திரும்பிவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் காற்றை மறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்று, மதியத்துக்குமேல் கடலிலிருந்து கரைக்கு. நீரோட்டத்தைக் கரையில் நீவாடு என்பார்கள். மழைக்காலம் முடியும் மாதங்களில் அது குமரியைச் சுற்றி வந்து மேற்குக் கரையோரம் வடக்கே ஏறும். தென்மேற்குப் பருவத்தில் தலைகீழாக இறங்கும். ஆகவே குமரியிலிருந்து விழிஞ்ஞம் போக நினைப்பவனுக்குக் காற்றும் நீவாடும் சேர்ந்து உதவும் காலம் மார்கழியிலிருந்து மாசிவரை. எதிர்த்திசையில் போக நினைத்தால் இதே மாதங்களில் மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாகும்.

இன்னொன்றும் உண்டு. ஆனி ஆடி அலை லேசான மணலை வாரிக்கொண்டு போய், கனமான கருமணலைக் கரையில் விட்டுவைக்கும். பக்கத்து மணவாளக்குறிச்சியில் அந்தக் கருமணலுக்காகவே ஆலை வந்தது. சோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் இந்தக் கரையின் மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தபிறகு தொடங்கிய தொழில் அது. கடல் அமைதியானபின் கொண்டுபோன மணல் மெல்லத் திரும்பி வரும். மாசியில் கரை அகலமாக இருக்கும். இறங்குவதற்கு இடம் இருக்கும்.

மாசியில்தான் எங்கள் கோவிலில் கொடை. இருமுடி கட்டிய பெண்கள் கேரளத்திலிருந்தும் இங்குள்ள ஊர்களிலிருந்தும் வருவார்கள், கடலில் நீராடுவார்கள், பொங்கலிடுவார்கள், தலைவலி தீர மண்டையப்பம் வைப்பார்கள். அந்த மாதத்தைத் தேர்ந்தவர்கள் அலையையும் பார்த்துத்தான் தேர்ந்தார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடலில் நீராட ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கவேண்டுமென்றால் ஆடியில் முடியாது.

*

புதூரில் ஒரு பாட்டாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன். கட்டுமரக் காலத்து ஆள். தூரங்களை வாசித்துச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

“நீ எங்க எறங்குவ மக்கா?”

“மொதல் நாள் பள்ளத்துல, பாட்டா. அடுத்து முட்டம். பெறவு நம்ம கரையில.”

“ஆரு இழுப்பா?”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே விளக்கினார். கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டி வள்ளம் வரும்போது, அது மணலில் தட்டிய மறுநொடி நாலைந்து பேர் பிடித்து மேலே ஏற்றியாகவேண்டும். பின்னால் வரும் அலை அதைக் குறுக்கே திருப்பிவிட்டால் கவிழ்ந்துவிடும். உள்ளே இருக்கிற இரண்டு பேரால் ஆகாது. கரையில் ஆள் வேண்டும். “தனியா ஒருத்தன் கடலுக்குப் போலாம். தனியா கரைக்கு வர முடியாது,” என்றார்.

அன்றிலிருந்து என் தாளில் ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். தூரம், காற்று, ஆழம் என்ற கட்டங்களுக்கு அடுத்து, இழுக்கும் ஆள். முன்னவை மூன்றும் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. நாலாவது, அந்தக் கரையில் என் பெயரைச் சொல்லி ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுவாரா என்பது.

*

இந்தக் கரையின் வள்ளங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் பாட்டாவின் அந்த ஒரு கேள்விக்கு விடையாக உருவானவை. கட்டுமரம் அதன் முதல் விடை. லேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. நீர் உள்ளே தங்காது, ஆகவே மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து மேலேற்றலாம். குறைந்த ஆட்களோடு அலையைத் தாண்ட இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் செய்ததில்லை.

பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முட்டத்தில் படகு கட்டும் பட்டறை தொடங்கியபோது இதைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அருகிக்கொண்டிருந்த காலம். ஒட்டுப்பலகையால் படகு செய்து, அது துறைமுகம் இல்லாத மணலிலேயே இறங்கி ஏறவேண்டும் என்று முயன்றார். ‘கோட்டார்கேட்’ என்று ஒரு வகைக்கே பெயர் வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பலர், துறைமுகம் கட்டு, பெரிய படகு வாங்கு என்றுதான் சொல்வார்கள். ஒருவர் வந்து, இந்த மணலுக்கும் இந்த அலைக்கும் தகுந்தபடி படகை மாற்றுவோம் என்று சொன்னார். அந்த மனநிலையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று கரைகளில் நிற்கும் பைபர் வள்ளங்கள் அந்தத் தேடலுக்குப் பிந்தியவை.

*

மத்தியதரைக் கடலில், குறிப்பாக கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே, இப்படி நின்று நின்று போவது ஒரு பெரிய பழக்கம். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு தெரியும். ஜூலை ஆகஸ்ட் மாதங்களில் வடக்கேயிருந்து வீசும் ‘மெல்டெமி’ என்ற காற்றைக் கணக்கில் வைத்து, எந்தத் தீவின் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள். ஓதம் அங்கே மிகக் குறைவு. எங்கள் கரையிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே இரண்டு இடத்திலும் ஓத அட்டவணையைவிடக் காற்றும் அலையுமே திட்டத்தை முடிவுசெய்கின்றன.

வேறுபாடு இறங்குவதில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் துறைமுகச் சுவரில் கயிறு கட்டி, கட்டணம் செலுத்தி, நடந்து ஊருக்குள் போகலாம். தீவுகள் அங்கே செய்கிற வேலையை இங்கே ஊர்கள் செய்யவேண்டும். ஆரோக்கியபுரம் முதல் நீரோடிவரை 70 கிலோமீட்டர் சொச்சத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோவில் கோபுரம். கடலிலிருந்து பார்த்தால் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று தொழிலாளிகளுக்குத் தெரியும். அந்தக் கோபுரத்துக்குப் பின்னே தெரிகிற மலை முகட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். மருந்துவாழ்மலையும் வேளிமலையும் இதற்குப் பெரிய துணை.

மத்தியதரைக் கடலின் பழைய கையேடு ஒன்று கிரேக்க மொழியில் எஞ்சியிருக்கிறது, ‘ஸ்டேடியாஸ்மஸ்’ என்று பெயர். கரை ஊர்களுக்கும் தீவுகளுக்கும் இடையே எத்தனை ஸ்டேடியா தூரம், எங்கே நங்கூரமிடலாம், எங்கே குடிநீர் கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்வது. அதே உலகத்தைச் சேர்ந்த இன்னொரு கையேடு எங்கள் கரைக்கும் வந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த ஒரு கிரேக்கர் எழுதிய ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’. முசிறி, நெல்சிந்தா துறைகளுக்குத் தெற்கே வருகையில் செம்மலை ஒன்றையும், பலிதா என்ற, நல்ல துறையும் கரையோர ஊரும் உள்ள இடத்தையும் சொல்கிறார். அடுத்து குமரி, அங்கே நீராடித் துறவு வாழ்பவர்களைப் பற்றிச் சொல்கிறார். பிறகு கொற்கை, முத்துக்குளிப்பு. பலிதா விழிஞ்ஞமா வர்க்கலையா என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. விழிஞ்ஞம் என்று கொண்டால், அதற்கும் குமரிக்கும் நடுவே அவர் ஒரு துறையையும் சொல்லவில்லை. நான் நிற்க விரும்பும் ஊர்கள் முழுக்க அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. பெரிய கப்பலுக்கு இந்தக் கரையில் நிற்க இடமில்லை. அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

ஒருவர் மட்டும் இந்த இடைவெளியை ஊர் ஊராக நடந்து கடந்தார். 1544 நவம்பர், டிசம்பரில் பிரான்சிஸ் சவேரியார் பூவாற்றுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான முக்குவர் ஊர்களுக்குப் போனார். ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஊர்களின் வரிசைதான் பெரிதாகப் படுகிறது. இன்றும் அதே வரிசையில் அதே ஊர்கள் இருக்கின்றன.

*

அலையே இல்லாமல் இந்த வழியைப் போக ஒரு திட்டம் இருந்தது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலத்தில் கடலுக்கு இணையாக, கரைக்குச் சற்று உள்ளே வெட்டிய கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். சுருக்கமாக ஏவிஎம் கால்வாய். பத்மநாபசுவாமியின் பெயரும், இங்கிலாந்து அரசியின் பெயரும், அரசரின் பெயரும் சேர்ந்தது. 1860-இல் திறந்தார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைப்பது நோக்கம். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக வந்தது. மண்டைக்காட்டோடு நின்றது. குமரிக்குப் போகவில்லை.

எங்கள் ஊர், முடிக்கப்படாத ஒரு பயணத் திட்டத்தின் கடைசித் துறை. இது எனக்குச் சின்ன வயதில் யாரும் சொல்லாத செய்தி. கால்வாயைச் சாக்கடை என்றே அறிந்திருந்தோம். ஒரு காலத்தில் சரக்கு வள்ளங்கள் கழிபோட்டு வந்த வழி, பல இடங்களில் மண்மூடி, ஆக்கிரமிப்பில் ஒடுங்கி, சில இடங்களில் இருந்த இடம்கூடத் தெரியாமல் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு பகுதியில் கடல் துரத்த ஓடியவர்கள் இந்தக் கால்வாயில் சிக்கி இறந்தார்கள். பாதுகாப்பான வழிக்காக வெட்டியது, ஓட வழியில்லாமல் செய்தது. கொட்டில்பாட்டில் அவர்களை ஒன்றாக அடக்கம் செய்த இடத்தை நான் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்துவிடுவேன்.

கால்வாயைத் தூர்வாரி மீண்டும் படகு விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். விடவேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் கரை ஊர்களிலிருந்து உள்ளே ஓடிவர, அடிக்கடி அகலமான பாலங்கள் போட்டபிறகு.

*

இதை எழுதாமல் போகமுடியாது. 1982 மார்ச் 1, மாசிக் கொடை நாட்களில், எங்கள் ஊரில் மோதல் நடந்தது. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. கடலில் நீராட வருகிறவர்களுக்கும் கரையில் வாழ்கிறவர்களுக்கும் இடையே பற்றியது, பிறகு மாவட்டம் முழுக்க, கடற்கரை ஊர் என்றும் உள்நாட்டு ஊர் என்றும் பிரிந்து எரிந்தது. வீடுகளும் வள்ளங்களும் போயின. நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கத்து மக்களிடமும் பேசினார்.

கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்தச் சில நிமிட நடை, அதன்பிறகு பல வருடம் பலருக்கு நடக்க முடியாத தூரமாக இருந்தது. இன்று கொடைக்கு வருகிற பெண்கள் கடலில் இறங்குகிறார்கள், கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் என் தலைமுறையில் எங்கள் தெருவிலிருந்து புதூருக்குள் வேலையில்லாமல் போய் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. பாட்டாவின் கேள்வி எனக்கு இவ்வளவு அழுத்தமாகப் பதிந்ததற்கு இதுவே காரணம். அவர்கள் கரையில், அவர்கள் கையால், என் வள்ளத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அப்படிக் கேட்பதற்கான உறவை நான் முதலில் உண்டாக்கவேண்டும். மண்ணெண்ணெய் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஏற்பாடு அது.

பாட்டா வீட்டில் அவிச்ச மரச்சீனியும் சாளைக் கறியும் தந்தார்கள். அங்கே இருந்த நேரத்தில் பயணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், யார் இறந்துபோனார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் பெயர்கள் தெரிந்திருந்தன.

*

இறங்கும் மணல் குறைந்துவருகிறது. பல ஊர்களில் இப்போது கரை என்றால் கருங்கல். கடலரிப்பைத் தடுக்கத் தடுப்புச்சுவர், அதோடு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு. கரையோரம் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, பருவத்தோடு இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டிருப்பது. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் மணல் வராமல் கரை தேயும். தேய்ந்த ஊர் தனக்கும் ஒரு வளைவு கேட்கும். இப்படி ஊர் ஊராகப் போகிறது.

கல் போட்டவர்களைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. வீட்டு வாசல்வரை அலை வந்த ஒருவரிடம் போய், மணல் முக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டுப் போராடிப் பெற்ற கற்கள் அவை. ஆயினும் கடலிலிருந்து பார்க்கும்போது இழப்பு வேறு மாதிரி தெரிகிறது. தூண்டில் வளைவுக்குள் அடங்கிய சிறு இடத்தில் அந்த ஊர் வள்ளங்களே நெருக்கியடித்து நிற்கும். வெளியூர் வள்ளத்துக்கு இடம் கேட்பதே அவர்களுக்குச் சிரமம் கொடுப்பது. முன்பெல்லாம் காற்று மாறினால் எந்த ஊர்க் கரையிலும் ஒதுங்கிவிடுவார்கள். இப்போது எங்கே ஒதுங்கலாம் என்பதை முன்பே தெரிந்துவைக்கவேண்டும். இது என்னைப்போல ஒருமுறை போய்வருகிறவனின் பிரச்சினை மட்டும் அல்ல. தினமும் தொழிலுக்குப் போகிறவர் அவசரத்தில் ஓடிவர இடம் குறைந்துவிட்டது.

மணக்குடியை முதலில் நிறுத்தமாக வைத்திருந்தேன். பழையாற்றுக் கழிமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் அலையே இருக்காது. மேலே லூர்தம்மாள் சைமன் பெயரிலான பாலம், பக்கத்தில் அலையாத்தி மரங்கள். காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்தைப் பார்த்துக்கொண்ட எங்கள் குளச்சல் தொகுதிப் பெண்மணி அவர். 2004-இல் அங்கிருந்த பழைய பாலத்தைக் கடல் பெயர்த்துக்கொண்டு போனது. ஆனால் மழை ஓய்ந்து ஆற்றில் நீர் குறைந்தால் மணல் பொழியை அடைத்துவிடும். மாசியில் அது திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பக்கூடாது. ஆகவே பள்ளம்.

*

பயப்படவேண்டிய இரண்டைத் தனியாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று கள்ளக்கடல். காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று கரையேறும். தெற்கே, வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வது. சித்திரை வைகாசியில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்பதைப் பார்க்கவேண்டும். இடைவெளி நீண்டுகொண்டே போனால், உயரம் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தாலும், மணலில் இறங்குவதை மறந்துவிடவேண்டும். அன்று துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும், அல்லது கிளம்பவே கூடாது.

மற்றொன்று ஒக்கி. 2017 நவம்பர் 30. நல்ல காலம் தொடங்குகிறது என்று எல்லோரும் எண்ணும் பருவத்தில், இலங்கைக்கு அருகே உருவாகி ஒரே நாளில் புயலாகி இந்த முனையைக் கடந்தது. பல நாள் கடலிலேயே தங்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த தூத்தூர்ப் பகுதிப் படகுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அந்தப் பகுதியின் எட்டு ஊர்களில் இன்னும் திரும்பாதவர்களுக்காக விளக்கு வைக்கும் வீடுகள் உண்டு. நான் போவது கரை கண்ணுக்குத் தெரிகிற வழி. அவர்கள் போன கடலோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனால் மாசி நல்ல மாதம் என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் அந்தத் தேதியையும் எழுதிவிடுகிறேன்.

ஆகவே சில ஏற்பாடுகள். ஒரு நாளில் 10 மைலுக்குமேல் வேண்டாம். கரைக்காற்று இருக்கும்போதே கிளம்பி, மதியக் கடற்காற்று எழுமுன் இறங்கிவிடவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் திரும்பி ஓட ஒரு துறை. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே அந்தக் கவலை இல்லை, இரண்டு முனையிலும் துறைமுகம் உண்டு. உயிர்காக்கும் சட்டை ஏறும்போதே போட்டுக்கொள்வது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. அவர்கள் எண் 1093. கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டு எஞ்சின். மணலில் இறங்குமுன் வெளியே நின்று அலைக்கூட்டத்தை எண்ணுவது: பெரியவை சில சேர்ந்து வந்தபின் சற்று ஓயும், அந்த ஓய்வில் உள்ளே வரவேண்டும். எண்ணுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. உடன் வருகிறவருக்குத் தெரியும்.

*

குளச்சலில் ஒரு நாள் கூடுதலாக நிற்க நினைக்கிறேன். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த கரை. டச்சுத் தளபதி டி லன்னாய் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அந்த ஆகஸ்ட் நாள் எங்கள் கணக்கில் ஆடி. அந்த மாதத்து அலையில் கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சாமானையும் இறக்குவது எவ்வளவு பாடு என்று இந்தக் கரையில் ஒரு ஆடி நின்று பார்த்த யாருக்கும் தெரியும். வெற்றித்தூண் முன் நின்று வாள்களையும் பீரங்கிகளையும் பற்றியே பேசுகிறோம். அலையைப் பற்றியும் யாராவது எழுதவேண்டும்.

விழிஞ்ஞம் இப்போது வேறு ஊர். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பன்னாட்டுக் கப்பல் வழி அங்கிருந்து 10 கடல்மைல்தான். கரைக்கு அருகிலேயே இயற்கையான ஆழம். இனயத்தில் வரவேண்டும், குமரியை அடுத்த கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே வரவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பேசப்பட்டு, மக்கள் எதிர்த்து நின்ற அதே வகைத் துறைமுகம். ஒரு சிறு வள்ளம் அங்கே போய்ச் சேர்ந்தால் மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் ஒதுங்கிவிடவேண்டும், கப்பல் திரும்பும் வழியில் நிற்கக்கூடாது. 13 மைல் நீளும் அந்தக் கடைசி ஓட்டம்தான் முழு வழியிலும் நீளமானது, நான் போட்ட 10 மைல் வரம்பையும் மீறுவது. பூவாற்றில் நெய்யாற்றுப் பொழிக்குள் நுழைந்து ஒரு இரவு தங்கினால் பிரிக்கலாம். பொழி திறந்திருந்தால்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேங்காய்ப்பட்டணம் இருக்கிறது. குழித்துறையாறு கடலைச் சேரும் இடத்தில் கட்டிய மீன்பிடித் துறைமுகம். வரைபடத்தில் இரண்டு கைகளை நீட்டி அழைப்பதுபோலத் தெரியும். அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை குறுக்கே உடைவதால், தினமும் போய்வரும் தொழிலாளிகளே அங்கே வள்ளம் கவிழ்ந்து உயிர்விட்டிருக்கிறார்கள். எந்த நாளில், எந்த ஓரம் பிடித்து உள்ளே வரவேண்டும் என்பது அந்த ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும்.

பள்ளத்தில் ஒருவர் இருக்கிறார், கூட வேலைபார்த்தவரின் மைத்துனர். முட்டத்தில் பாட்டாவின் மகள் வீடு. புதூரில் பாட்டாவே இருக்கிறார். குளச்சலில் இரண்டு பெயர் சொன்னார்கள். கொடைக்கு முன் போய்ப் பார்த்துவரவேண்டும். தேங்காய்ப்பட்டணத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை என் திட்டம் குளச்சலில் முடிகிறது.